குட்டி லீவர் ரைஃபிள்
லீவரை (நெம்புகோலை) கீழே தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் குட்டி ரைஃபிள் ஒன்று வாங்க, பல மாத யோசனைக்கு அப்புறம் முடிவு செய்துவிட்டேன்: .357 மேக்னம் தோட்டா, 16 அங்குலக் குழல். அதைவிடப் பெரிய தோட்டாவான .44 மேக்னத்தின் பலம் பெரிதுதான், ஆனால் உதையும் தோட்டாச் செலவும் கூடவே வரும். .357 துப்பாக்கியில், அதைவிடப் பலம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போட்டுச் சுடலாம். சத்தமும் உதையும் குறைவு, நாள் முழுக்கப் பயிற்சி செய்யலாம். 4 அங்குல ரிவால்வரில் நொடிக்கு ஏறத்தாழ 1250 அடி வேகத்தில் போகும் 158 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) குண்டு, இந்த நீளக் குழலில் பெரும்பாலும் 1700-ஐத் தாண்டிவிடும். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்த வகைத் துப்பாக்கி மேல் தனிப் பிரியம்.

அடுத்து மாடல். 1873 வின்செஸ்டர் வகையின் லீவர் வழுவழுவென்று ஓடும், ஆனால் சுடும்போது தோட்டா அறையை மூடிப் பிடிக்கும் அதன் பூட்டு அமைப்பு வலுவில் பின்தங்கியது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1892 மாடல் இரட்டைப் பூட்டுக் கட்டைகளோடு உறுதியானது, எடையும் குறைவு. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வேண்டுமென்றால் மார்லின் 1894 நல்லது. காலி உறை பக்கவாட்டில் வெளியேறும், மேல்பகுதி மூடியிருக்கும். குழல் மேலிருக்கும் சாதாரண இரும்புக் குறியே எனக்குப் போதும் என்பதால் 1892.

வாங்கும் முன் டம்மி (வெடிக்காத) தோட்டா போட்டு லீவரை ஓட்டிப் பாருங்கள். சில துப்பாக்கிகளில் குட்டையான .38 சிக்கும். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசினில் கூர்முனைக் குண்டு கூடவே கூடாது. முனை முன்னிருக்கும் தோட்டாவின் பிரைமரில் (இடிபட்டதும் தோட்டாவைப் பற்றவைக்கும் பின்பகுதி) இடிக்கும், உள்ளேயே வெடிக்கலாம்.