கிணத்தடியில பாத்த சிஸ்டர்மார்

பள்ளிக்கூட மலருக்கு எழுதித் தாங்கோ எண்டு பழைய மாணவியர் சங்கத்தில இருந்து கேட்டவை. ஸ்போர்ட்ஸ் மீற், பரிசளிப்பு, பழைய ரீச்சர்மார் எல்லாத்தையும் பற்றி மற்றாக்கள் எழுதுவினம். எனக்கு எங்கட கொன்வென்ட் எண்டால் முதல் நினைவில வாறது போர்டிங்குக்குப் பின்னால இருந்த கிணத்தடியும், அங்க விடியப்புறம் உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்ட இளம் சிஸ்டர்மாரும்தான்.

நான் சைவப் பிள்ளை. 1992இல ஏ.எல் படிக்க போர்டிங்குக்கு வந்தனான், அம்மா நெத்தி நிறையத் திருநீறு பூசித்தான் சைக்கிள்ல ஏத்தி விட்டவ, அதை ஒருத்தரும் அழிக்கச் சொல்லேல்லை. யாழ்ப்பாணத்தில அப்ப சண்டைக்காலம், கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் ஆனை விலை, ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சு வைச்சுத் திரி விட்ட விளக்குத்தான் படிக்கிறதுக்கு. அந்த வெளிச்சத்தில சிஸ்டர்மாரைப் பாக்க வயசே தெரியாது, எல்லாரும் பெரிய ஆக்கள் மாதிரித்தான் இருப்பினம். பகல்ல கிணத்தடியில பாக்கேக்கதான் தெரிஞ்சது, இவையில மூண்டு பேர் எங்களுக்கு அக்கா வயசு, ஒருத்தவ என்ர சொந்த அக்காவிலும் பாக்க ஆறு மாசம் இளசு.

அந்தச் சிஸ்டரைப் பற்றித்தான் எழுதப்போறன். பேர் போடேல்லை, அவவுக்கு அது விருப்பமா இருக்காது.

நொவிசியேற் எண்ட பயிற்சிக்காலம் முடிச்சு முதல் வார்த்தைப்பாடு குடுத்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் எண்டு மூண்டு வார்த்தைப்பாடு, அதை முதல்ல காலம் குறிச்சுத்தான் குடுப்பினம், பிறகு புதுப்பிச்சுப் புதுப்பிச்சு வந்து கனகாலத்துக்குப் பிறகுதான் சாகுமட்டுக்குமான நித்திய வார்த்தைப்பாடு. இது எனக்கு அதிசயமா இருந்தது, நான் நினைச்சிருந்தது ஒருக்கா மடத்துக்குள்ள போனால் கதவு சாத்தின மாதிரி எண்டு. இல்லைப் பிள்ளை, சபையும் என்னைப் பாக்கும், நானும் என்னைப் பாப்பன் எண்டு சொல்லிச் சிரிச்சவ.

நாலரைக்கு மணி அடிக்கும். சிற்றாலயத்தில அரை மணித்தியாலம் ஒரு சத்தமும் இல்லாத தியானம், பிறகு காலைச் செபம், பிறகு பூசை, ஒரு பிளேன்ரீ, அதுக்குப் பிறகு பள்ளிக்கூடம். மத்தியானம் சாப்பாட்டுக்கு முதல் கொஞ்ச நேரம் ஆத்தும சோதனை, அதாவது தங்கட சரி பிழையைத் தாங்களே யோசிச்சுப் பாக்கிறது, பின்னேரம் எங்களோட செபமாலை, பிறகு மாலைச் செபம், கடைசியா இராச்செபம். அது முடிஞ்சால் விடியமட்டும் பெரிய மௌனம். இதுக்கிடையில தண்ணி அள்ளுறது, விறகு கொத்துறது, கொப்பி திருத்துறது, காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி வைக்கிறது. சவுக்காரம் கிடைக்காத நாளில பனங்காய்க் களியைப் போட்டுத் தோய்ப்பினம். அவவிட்ட மாத்தி உடுக்க ரெண்டு வெள்ளை உடுப்புத்தான், ஒண்டு மேல, ஒண்டு கொடியில, மழை பெய்ஞ்சால் ஈரத்தோடதான் வகுப்புக்கு வருவா. படிப்பிக்கிற சம்பளம் முழுக்கப் பொதுவில சேந்திடும், தம்பிக்காரன் கலியாணத்துக்கு அவ குடுத்தது நூல்ல தானே பின்னின ஒரு மேசைவிரிப்பு. அதை மூண்டு மாசமா ஓய்வு நேரத்தில பின்னினதை நான் பக்கத்தில இருந்து பாத்தனான், பிழைச்சால் முழுக்க உருவிப்போட்டுத் திரும்பத் தொடங்குவா.

ஒருநாள் தோய்க்கேக்க நாங்கள் மூண்டு பேர் வேணுமெண்டு தண்ணியை அவவின்ர முகத்தில தெறிக்கவிட்டனாங்கள். கோவிக்கேல்லை. பிரான்சில சிறுமலர் தெரேசம்மாளுக்கும் உப்பிடித்தான் நடந்ததாம், பதினைஞ்சு வயசில கார்மேல் மடத்துக்குப் போனவ, உடுப்புத் தோய்க்கிற இடத்தில பக்கத்தில நிண்ட சிஸ்டர் அழுக்குத் தண்ணியை முகத்தில தெறிக்கத் தெறிக்க அவ துடைக்காமல் நிண்டவவாம், 24 வயசில செத்துப் போனவ எண்டு சொல்லி, "ஆனா நான் துடைப்பன்" எண்டு எங்கட பாவாடையிலயே முகத்தைத் துடைச்சவ. புனிதர் கதையை உப்பிடி வாளியும் கையுமாக் கேட்டதால தானோ தெரியாது, எனக்கு இண்டைக்கும் மறக்கேல்லை.

பூசைக்கு வேண்டிய அப்பமும் அவையள்தான் சுடுறவை. கோதுமை மாவைத் தண்ணி மாதிரிக் கரைச்சு, ரெண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில விட்டு நெருப்பில பிடிச்சு எடுத்தால் கடுதாசி மாதிரி மெல்லிசா வரும், அதில வட்டம் வட்டமா வெட்டி எடுத்த பிறகு மிஞ்சிற ஓரத் துண்டெல்லாம் எங்களுக்கு. நான் முதல்நாள் வாயில வைக்கப் பயந்து, சிஸ்டர் இது சாமியெல்லோ எண்டு கேட்டன். இன்னும் இல்லை, இப்ப மா மட்டும்தான், சாப்பிடுங்கோ எண்டா. மா தட்டுப்பாடான அந்த நாளில அந்தத் துண்டுக்கு நாங்கள் வரிசையில நிண்டனாங்கள்.

ஒவ்வொரு வருசமும் பெப்ரவரி 3 அவையளுக்குப் பெரிய நாள். அவையளின்ர திருக்குடும்ப சபையை 1820இல பிரான்சில போர்தோ நகரத்தில நோவாய் அடிகள் எண்ட குரு தொடங்கினவர். ரெண்டு வருசத்தால, 1822 பெப்ரவரி 3, அங்க சின்ன ஒரு சிற்றாலயத்தில நற்கருணை ஆசீர், அதாவது பூசையில ஆண்டவராகின அப்பத்தை வைச்சு ஆசீர்வதிக்கிறது, நடக்கேக்க அப்பம் இருந்த இடத்தில ஆண்டவரே தெரிஞ்சு ஆசீர்வதிச்சதாச் சபையில சொல்லி வருகினம். 1862இல யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறி வந்த சிஸ்டர்மாரும் இந்தக் கதையோடதான் வந்திருப்பினம். "கடவுள் மட்டுமே" எண்டதுதான் நோவாய் அடிகள் பிடிச்சுக்கொண்டு நிண்ட சொல்லு, அவையளின்ர சபை வாக்கியமும் அதுதான்.

சிஸ்டர், உங்களுக்கு எப்பவாவது அப்பிடித் தெரிஞ்சதோ எண்டு நான் கேட்டன். கேட்டிருக்கக் கூடாதோ எண்டு பிறகு யோசிச்சன். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, இல்லை, கன நாள் ஒண்டுமே வராது, வெறும் இருட்டு, சில விடியப்புறம் நித்திரையும் தூங்குவன், ஆனா போய் இருப்பன் எண்டா. "அம்மா வருத்தமாப் படுத்திருக்கேக்க பக்கத்தில போய் இருக்கிறம்தானே பிள்ளை, கதைக்கிறதுக்கோ இருக்கிறம்?" எண்டு கேட்டா. இதைவிட நல்லாச் செபத்தைப் பற்றி ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை, கோயில்லயும் சரி, பெரிய பெரிய பிரசங்கத்திலயும் சரி. வீட்டுச் சாமியறையில விளக்கேத்திப் போட்டு மனம் ஓடாமல் இருக்கிற நாளில நானும் அப்பிடியே இருந்து பழகீட்டன்.

1993 நவம்பர் 13 சனிக்கிழமை. அவவின்ர ஊர் குருநகர். பொம்மர் வந்து சுத்தின சத்தம், பிறகு நிலம் ஆடினது, நாங்கள் பங்கருக்குள்ள. வெளிய வர ஆரோ ஓடிவந்து யாகப்பர் கோயில்ல குண்டு விழுந்திட்டுது எண்டிச்சினம். அவ கொடியில போடக் கையில வைச்சிருந்த உடுப்பை அப்பிடியே மடிச்சு வாளி விளிம்பில வைச்சிட்டு மதரிட்டப் போனவ, இன்னொரு சிஸ்டரோட சைக்கிள்ல வெளிக்கிட்டவ. பின்னேரம் திரும்பி வரேக்க உடுப்பு முழுக்கச் சீமெந்துத் தூளும் ரத்தமும். வீட்டாக்கள் தப்பீட்டினம், தெரிஞ்ச ஆக்கள் போயிட்டினம். ஒண்டும் கதைக்கேல்லை, கிணத்தடிக்குப் போய்த் தோய்க்கத் தொடங்கினவ, நான் துலாவில தண்ணி அள்ளி ஊத்தினன், எத்தினை வாளி எண்டு நினைவில்லை.

அண்டைக்கு இராச்செபத்துக்குச் சிற்றாலயத்துக்கு வெளிய நாங்களும் போய் இருந்தனாங்கள். சனிக்கிழமை இரவுக்கு, பைபிள்ல சங்கீதம் எண்ட பாட்டுகளில நாலாவது, நான் சமாதானமாப் படுத்து நித்திரை கொள்ளுவன், ஆண்டவரே நீர்தான் எனக்குக் காவல் எண்டு வரும். ரெண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்லுவினம். அந்த இடம் வரேக்க அவவின்ர குரல் நிண்டிட்டுது, மற்றச் சிஸ்டர்மார் நிப்பாட்டேல்லை, மெதுவா, அவவையும் சேத்துத் தூக்கிக்கொண்டு போற மாதிரிச் சொல்லி முடிச்சினம். விளக்கு நூந்த பிறகும் அவ எழும்பேல்லை, பக்கத்தில வயசான ஒரு சிஸ்டர் ஒண்டும் சொல்லாமல் கூட இருந்தவ.

1995 இடப்பெயர்வோட நாங்கள் திக்குத் திக்காப் போயிட்டம். போன வருசம் ஒரு மாதிரி நம்பர் எடுத்து அவவோட ஃபோன்ல கதைச்சன், இப்பவும் அதே சிரிப்பு. அந்தச் சங்கீதம் நிண்ட இரவைக் கேட்டன். அது தனக்கு ஞாபகம் இல்லையாம். "நீங்கள் எல்லாரும் அண்டைக்குச் சாப்பிடாமல் படுத்தனீங்கள், ஒருத்தரும் உங்களைப் பாக்கேல்லை, அதுதான் எனக்கு நெடுக நினைப்பு" எண்டா.