வாசல் தபால் நிற்கப்போகிறதா? ஹமில்டனில் நாங்கள் பட்டது

மிச்சமிருக்கும் 40 இலட்சம் முகவரிகளுக்கும் வாசல் தபாலை நிறுத்தலாம் என்று 2025 செப்டம்பரில் கனடா மத்திய அரசு சொன்னதிலிருந்து, ரொறன்ரோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எனக்குப் போன் எடுக்கிறார்கள். ஹமில்டனில் மவுன்டன் என்கிற மேட்டுப் பக்கம் இருக்கும் எங்களுக்கு இது 2015இலேயே முடிந்த கதை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில், சிட்டி தடுத்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். எங்கள் சிட்டி உண்மையிலேயே மல்லுக்கட்டிப் பார்த்தது. 5 வருடத்தில் 50 இலட்சம் வீடுகளைப் பொதுப்பெட்டிக்கு, அதாவது தெருவில் பல வீடுகளுக்கும் சேர்த்து வைக்கிற, வீட்டுக்கொரு பூட்டறை உள்ள தபால் பெட்டிக்கு, மாற்றுவோம் என்று அரசின் தபால் நிறுவனமான கனடா போஸ்ட் 2013 டிசம்பரில் அறிவித்தது. எங்கள் பக்கம் வேலை தொடங்கியதும் நகரசபை ஒரு பைலோ (நகரசபைச் சட்டம்) போட்டது: சிட்டி நிலத்தில் பெட்டி வைப்பதென்றால் அனுமதி எடு, இடத்துக்கு 200 டொலர் கட்டு. எங்களுக்கு ஒரே சந்தோஷம். அது 2015 ஜூன் மாதம் வரைக்கும்தான். தபால் மத்திய அரசின் விஷயம், பொது இடத்தில், தெருவோரத்தில்கூட, பெட்டி வைக்கும் அதிகாரம் மத்திய ஒழுங்குவிதியிலேயே இருக்கிறது, நகரசபைச் சட்டம் அதோடு மோதினால் நிற்காது என்று நீதிமன்றம் பைலோவைத் தள்ளிவிட்டது. அப்பீலும் 2016இல் தோற்றது. மொன்றியலில் அப்போதைய மேயர் டெனி கொடேர் ஜாக்ஹாமரை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்குப் போட்ட கொங்கிரீட்டையே உடைத்தார். டிவியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது! கடைசியில் வேலையை நிறுத்தியது மத்திய ஆட்சியை மாற்றிய 2015 ஒக்டோபர் தேர்தல்தான், ஆனால் அதற்குள் பெட்டி வந்துவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கு வாசல் தபால் திரும்பி வரவில்லை.

ஆகவே பலன் கிடைக்கிற இடம் வேறு. பெட்டி எங்கே வரப்போகிறது என்று முடிவாகும் கட்டம் இருக்கிறதே, அதை விடாதீர்கள். கொங்கிரீட் போட்ட பிறகு பேசிப் பயனில்லை. எங்கள் தெருவில் முதலில் குறித்த இடம் முனை வீட்டு இத்தாலியக் கிழவரின் மதிலோரம். அவர் வேண்டவே வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்தார், நானும் அவருமாக டேப் பிடித்து அளந்து, அந்த இடத்தில் கார் நிறுத்தினால் டிரைவ்வேயில் இருந்து வெளியே எடுப்பவருக்கு தெரு தெரியாது என்று படம் எடுத்து அனுப்பி, பார்க் பக்கமாக வைக்கலாமே என்று மாற்று இடமும் காட்டினோம். பார்க் பக்கம்தான் வைத்தார்கள். "வேண்டாம்" என்றால் கேட்க ஆளில்லை, "இங்கே வேண்டாம், அங்கே வையுங்கள்" என்றால் கேட்கிறார்கள்.

அடுத்தது, வீட்டில் வோக்கர் பிடித்து நடக்கும் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் விசேட ஏற்பாடு கேளுங்கள். இதைப் பலபேர் கேட்பதே இல்லை. அம்மாவுக்காக நான் போனில் கேட்டு, படிவம் நிரப்பிக் கொடுத்தேன். அப்போது டொக்டரின் கடிதமும் வேண்டியிருந்தது, அந்தக் கடிதத்துக்கு ஒஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) காசு தராது, கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். பெட்டிக்கு வருகிற கடிதங்களைச் சேர்த்து வாரத்தில் ஒருநாள் வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தினமும் வராதே என்று அம்மாவுக்கு முதலில் குறைதான், அப்புறம் அந்த ஒருநாள் தபால்காரரோடு கதைக்கிற நாளாகிவிட்டது.

மற்றபடி சின்ன விஷயங்கள். குளிர்காலத்தில் பூட்டுக்குள் ஐஸ் பிடித்தால் காருக்கு அடிக்கிற டீ-ஐசரை அடியுங்கள், சுடுதண்ணீர் ஊற்றவேண்டாம், அதுவும் உறைந்துவிடும். பார்சல் வந்தால் பெட்டியில் உங்கள் பூட்டறைக்குள் வேறொரு திறப்பு (சாவி) கிடக்கும், அதைக் கொண்டுபோய்க் கீழே இருக்கிற பெரிய அறையைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு அந்தத் திறப்பு பூட்டிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும், அது அப்படித்தான், இழுத்து உடைத்துவிடாதீர்கள்.