அரக்குப் புடவையும் மூன்று லென்ஸும்

“அண்ணே, தாலி கட்டுறதுக்கு நடுவுல பொண்ணு புடவை மாத்துனாங்களா?”

ஆல்பம் டிசைன் செய்யும் தம்பி போனில் இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகூர்த்தப் புடவை ஒன்றுதான். நான் எடுத்த படங்களில் அது நல்ல அரக்கு. கூட வந்த பையன் எடுத்ததில் செங்கல் நிறத்துக்குச் சாய்ந்திருந்தது. இருவர் கையிலும் நிக்கான் டி750 கேமரா. என்னுடையதில் நிக்கானின் சொந்த லென்ஸான நிக்கார் 85 மி.மீ., அவனுடையதில் வேறு கம்பெனி ஜூம். சரி, லென்ஸ்தான் குற்றவாளி என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஆடி வந்தது. எங்கள் தொழிலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் மாதம். மனைவியின் அரக்குப் பட்டை ஜன்னலோரம் நாற்காலியில் விரித்து, பக்கத்தில் ஒரு கிரே கார்டு, அதாவது நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை, வைத்தேன். ஒரே கேமரா, டிரைபாட், லென்ஸ் திறப்பு எஃப் 5.6. வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்து 5500 கெல்வினில் நிறுத்திவிட்டு அந்த ஜூம், 85, என்னிடம் இருந்த பழைய நிக்கார் 50 என மாற்றி மாற்றி எடுத்தேன்.

ஜூம் லேசாக மஞ்சள் காட்டியது உண்மைதான். ஆனால் நிக்கார் இரண்டும்கூடத் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அப்புறம் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் கிரே கார்டின் மேல் ஒரு கிளிக். மூன்று புடவையும் ஒன்றாகிவிட்டன. ஃபைல் பெயரை மறைத்து, எது எந்த லென்ஸ் என்று மனைவியிடம் கேட்டேன். “எல்லாம் என் புடவைதான், மடிச்சு வைங்க” என்றார்.

கல்யாணத்தன்று நடந்தது வேறு. இரண்டு கேமராவும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் இருந்தன. வெவ்வேறு கோணத்தில் நின்று, மஞ்சள் சீரியல் பல்பையும் வெள்ளை வீடியோ லைட்டையும் ஆளுக்கொரு விதமாகக் கணக்குப் போட்டிருக்கின்றன.

ஸ்லைடு பிலிம் காலத்தில் இந்தக் கிளிக் கிடையாது. லென்ஸின் சாயம் அப்படியே படத்தில் நின்றுவிடும். ஒரே கம்பெனி லென்ஸாகச் சேர்த்து வைத்தவர்களுக்கு அன்று நியாயமான காரணம் இருந்தது. தோரியம் கலந்த கண்ணாடி கொண்ட சில பழைய பென்டாக்ஸ் டக்குமர் லென்ஸ்கள் வருடங்கள் போகப்போக டீ நிறத்துக்கே மாறிவிடும். சில நாள் வெயிலில் வைத்தால் தெளியும். வடகம் மாதிரி!

கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம், இவ்வளவு சுலபமான விஷயமில்லை. அதே புடவைக்குப் பின்னால் ஒரு பல்பை எரியவிட்டு எடுத்தபோதுதான் லென்ஸ்களின் குணம் தெரிந்தது. பழைய 50-இல் மடிப்புகளின் நிழல் மேல் மெல்லிய பால்போல ஒரு மூட்டம். பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங் என்ற மெல்லிய பூச்சு இல்லாத கண்ணாடி, காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கும். இருபது பரப்பு உள்ள ஜூமில் கோட்டிங் இல்லாவிட்டால் 44 சதவீதம்தான் நேராக உள்ளே போகும். திரும்பிய ஒளியில் ஒரு பங்கு உள்ளுக்குள்ளேயே அலைந்து கறுப்பைச் சாம்பலாக்கும். 1935-இல் ஸைஸ் லென்ஸ் நிறுவனத்தின் விஞ்ஞானி ஸ்மகுலா கோட்டிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1971-இல் பென்டாக்ஸின் எஸ்எம்சி, அடுத்த வருடம் ஸைஸின் டி-ஸ்டார் எனப் பல அடுக்குக் கோட்டிங்குகள் வந்தன. ஸைஸ் படத்தில் ஒரு ‘பாப்’ இருக்கிறது என்று சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்தக் கோட்டிங்குக்குத்தான் என்பது என் கணக்கு. மூட்டத்தில் கரைந்த நிழலை ஸ்லைடரை இழுத்து ஓரளவு கறுப்பாக்கலாம். அதற்குள் இருந்த சரிகை நூல் முழுசாகத் திரும்பி வராது.

எனக்கு வெட்கமாக இருந்தது இன்னொன்று. 85-இன் மேல் எப்போதும் மாட்டியிருக்கும் மலிவு ஃபில்டரில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். ஹோமப் புகையும் நெய்யும் படிந்து வானவில்லாக மின்னியது. அதைக் கழற்றிவிட்டு எடுத்த படத்துக்கும் மாட்டி எடுத்த படத்துக்கும் இருந்த வித்தியாசம், இரண்டு கம்பெனி லென்ஸுக்கு நடுவே இருந்ததைவிட அதிகம்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு 85-ஐப் பையனிடம் கொடுத்துவிட்டு அந்த ஜூமை நான் மாட்டிக்கொண்டேன். ஹோமம் முடிந்து மாலை மாற்றுவதற்குள் கண்ணாடியைத் துடைக்க, சட்டைப்பையில் ஒரு மைக்ரோஃபைபர் துணி.