கோதுமைப் பாலும் ஒரு பறவை நூலும்

பதினொரு படத்தாள்களைச் சேதமின்றி ஒட்டி முடித்தேன். பன்னிரண்டாவதில் கொண்டலாத்திப் பறவையின் கொண்டை போய்விட்டது.

1941இல் முதன்முதலாக வெளிவந்த, பறவையியலாளர் சாலிம் அலியின் ‘தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்’ நூலின் பிந்தைய பதிப்பொன்றை இரண்டு மாதங்களாகச் செப்பனிட்டு வருகிறேன். தையல் அறுந்து, வண்ணப் படங்கள் கையோடு வந்துகொண்டிருந்தன. முன்பு எவரோ ஒரு பைண்டர் மயில்துத்தம் கலந்த மைதாப் பசையை வாரிப் பூசியிருக்கிறார். பூச்சி அண்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் துத்தத்திலுள்ள செம்பு தாளின் நாரையே கெடுத்ததால், ஓரங்கள் பழுப்பேறி அப்பளம்போல் நொறுங்குகின்றன.

எனவே பசையை நானே காய்ச்சினேன். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, இரவு முழுவதும் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்தபின் அடியில் தங்கும் வெண்மாவைத்தான் எடுக்க வேண்டும். திருநெல்வேலி அல்வாவுக்கும் இதே பால்தான் என்பதால், அடுப்பில் நான் கிண்டியது பசை என்று தெரிந்தபோது வீட்டில் எழுந்த அதிருப்தி இன்னும் அடங்கவில்லை. பின்னாளில் வேறொருவர் பிரிக்க விரும்பினால், சற்று ஈரம் காட்டினாலே இப்பசை விட்டுக்கொடுக்கும்.

சிக்கல் ஈரத்தில்தான் இருக்கிறது. ஆர்ட் தாளின் வழவழப்பு வெண்களிமண் பூச்சால் வருவது. அது நனைந்து மற்றொரு தாளோடு அழுந்திக் காய்ந்தால் பூச்சே பசையாகிவிடும், பிறகு எந்த வித்தையும் பலிக்காது. ஆகவே படத்தின் உள்ளோரத்தில் மூன்று மில்லிமீட்டர் மட்டும் தெரியுமாறு பட்டர் பேப்பரால் மறைத்து, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால், மறைத்த தாளிலிருந்து வெளிநோக்கியே பூச வேண்டும். உள்நோக்கி ஓர் இழுப்பு இழுத்தாலும் பசை தாளுக்கடியில் புகுந்துவிடும். பதினொரு முறை இதைத் தவறாமல் செய்தவன், பன்னிரண்டாம் முறை பசையைச் சற்று நீர்க்க விட்டேன், இருபுறமும் புதிய பட்டர் பேப்பர் வைக்கவும் மறந்தேன். மறுநாள், அழுத்துவதற்காக மேலே வைத்திருந்த எடையை அகற்றிப் பார்த்தபோது, ஈரம் விரலளவு உள்ளே, பறவையின் தலை வரை பரவியிருந்தது.

கிழிந்த ஓரங்களுக்கென அஞ்சலில் வரவழைத்த கோசோ என்னும் ஜப்பானிய மல்பெரி நார்த் தாளை விற்றவர் நான்காக மடித்து அனுப்பியிருந்தார். அம்மடிப்புகளை நீக்கவே ஒரு ஞாயிறு போயிற்று.

இது முடியும் முன்பே இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் கட்டுரைத் தொகுப்பொன்றைப் பிரிக்கக் கை பரபரக்கிறது. 1912 முதல் 1996 வரை வாழ்ந்த அவர், தம் கட்டுரைகளுக்குத் தாமே படமும் வரைந்தவர். அந்தக் கறுப்பு மைக்கோட்டுச் சித்திரங்கள் என் பிரதியில் எழுத்தோடு சாதாரணத் தாளிலேயே அச்சாகியிருக்கின்றன. உயிரோட்டத்தில் எந்த வண்ணப் படத்துக்கும் அவை குறைந்தவையல்ல என்பது என் கருத்து, செப்பனிடுபவனுக்கோ பெரும் வரம்.

அதற்குமுன் பனங்காடைப் பறவையின் படத்தாள் காத்திருக்கிறது, முதுகுத் தையலை இன்னும் தொடவே இல்லை. கொண்டலாத்தியின் கொண்டையை மீட்க முயலவில்லை. எதிர்ப்பக்க எழுத்துகளின்மேல் அது விரிந்தபடியே ஒட்டியிருக்கிறது.