பைலட் தேர்வுக்காக மைசூருவில் ஐந்து நாள்

இந்திய விமானப்படைக்கான எழுத்துத் தேர்வான ஏஎஃப்கேட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தால் தேறிவிடலாம். விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு உண்மையான வடிகட்டல் அதற்குப் பிறகு வருகிற ஏஎஃப்எஸ்பி என்ற தேர்வு வாரியத்தில்தான். எனக்கு மைசூரு கிடைத்தது.

முதல் நாளே ஸ்கிரீனிங். ஒரு மங்கலான படத்தைச் சில நொடிகள் காட்டுவார்கள். பார்த்துக் கதை எழுதி, அதைக் குழுவில் சொல்லி, எல்லோருமாகப் பேசிப் பொதுவான ஒரு கதைக்கு வர வேண்டும். எங்கள் குழு சந்தைக்கடைதான். ஆளாளுக்குக் கத்தினார்கள். இரைச்சல் கொஞ்சம் தணிந்தபோது, "ஏழாம் நம்பர் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம்" என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அதுதான் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். சரளமாகப் பேசிய சிலர் மதியமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

உளவியல் தேர்வில் 60 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் 15 நொடியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். மனப்பாடம் செய்த வாக்கியங்களோடு வந்தவர்கள் பாதியில் திணறினார்கள். மைதானத்தில் பலகை, கயிறு, கட்டை வைத்துத் தடையைக் கடக்கும் வேலை. சிவப்புப் பெயின்ட் அடித்த இடத்தைத் தொடக்கூடாது. இன்டர்வியூவில் பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கேட்டார்கள், பொய் சொல்ல நேரமே இல்லை. கடைசி நாள் தேர்வாளர்கள் எல்லோர் முன்னாலும் போய் உட்காரும் கான்ஃபரன்ஸ், அப்புறம் ரிசல்ட். அப்பாடா என்று உட்கார முடியாது. பறக்கும் பிரிவுக்குத் தேறியவர்களுக்கு அப்புறம்தான் சிபிஎஸ்எஸ் என்ற கணினிவழி பைலட் தேர்வு.

இந்தக் கணினித் தேர்வில் வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். போனால் பைலட் கனவு அத்தோடு சரி, வேறு பிரிவுகளுக்கு முயலலாம். கையில் ஜாய்ஸ்டிக், காலடியில் பெடல். திரையில் ஓடும் புள்ளியைப் பிடித்து நிறுத்த வேண்டும். நடுவே விளக்கு எரியும், சத்தம் கேட்கும், அதற்கும் கை பதில் சொல்ல வேண்டும். புள்ளியையே முறைத்துக்கொண்டிருந்தால் விளக்கைக் கோட்டை விடுவோம். பயிற்சி மையங்கள் இதற்கும் தனி வகுப்பு எடுக்கின்றன. என்னைக் கேட்டால் அந்தப் பணத்துக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, முந்தைய இரவு தூங்கலாம்.

மருத்துவப் பரிசோதனை பெங்களூருவில். அங்கேதான் மனசு கனத்தது. உயரம் 162.5 சென்டிமீட்டர் இருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். காலின் நீளத்துக்கும் தனி அளவு உண்டு: குறைந்தது 99 சென்டிமீட்டர். காக்பிட்டில் பெடல் எட்ட வேண்டுமே. சுவரில் முதுகை ஒட்டி உட்கார வைத்து, காலை நீட்டச் சொல்லி அளப்பார்கள். என்னோடு தேறிய ஒரு தம்பிக்கு அது கொஞ்சம் குறைந்தது. "அண்ணா, இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றான். திரும்ப அளந்தார்கள், அதே எண்தான். தொடை நீளத்துக்கும் உச்சவரம்பு உண்டு, 64 சென்டிமீட்டர். விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் யாரையாவது டேப்போடு நிறுத்தி அளந்துவிடுங்கள்.

எனக்கு ஃபிட் போட்டுவிட்டார்கள். ஆனாலும் அகில இந்திய மெரிட் பட்டியலில் பெயர் வந்தால்தான் ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமிக்கு ரயில் ஏற முடியும். காலியிடங்களைப் பொறுத்தது அது. பட்டியல் இன்னும் வரவில்லை.