லைட் எல்லாம் சரி, ராம் எத்தனை ஜிபி?

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யத் தெரிந்தவன் என்று சொந்தக்காரர்களிடம் ஒருமுறை பேர் எடுத்துவிட்டால் போதும், அப்புறம் அது ஆயுள் தண்டனை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நமக்குத்தான் போன் வரும். 2023 முடியும் நேரம், என் மனைவியின் தம்பி ஒரு எக்செல் ஷீட்டோடு வந்து நின்றான். ஆர்க்கிடெக்ட். இனிமேல்தான் கட்டப்போகும் வீட்டை முப்பரிமாணத்தில் வரைந்து, வெயிலும் நிழலும் மரமும் வைத்து, போட்டோ எடுத்த மாதிரி ரெண்டர் செய்து கொடுப்பது அவன் வேலை.

"மாமா, லிஸ்ட் ரெடி. நீங்க சும்மா ஒரு பார்வை பார்த்தா போதும்."

பார்த்தேன். முதல் வரியே கேபினெட். பக்கத்தில் அவன் எழுதிய குறிப்பு: 'முன்னாடி முழுக்கக் கண்ணாடி, நிறைய ஃபேன், கலர் லைட்'. அடுத்து கிராபிக்ஸ் கார்டு, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090. அதற்கடுத்து ராம், அதாவது ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம், நாலு குச்சி, லைட்டோடு. பிராசஸர் என்ற கட்டத்தில் 'த்ரெட்ரிப்பர், 64 கோர்', அதாவது ஏஎம்டி கம்பெனியின் பெரிய பிராசஸர், உள்ளே கணக்குப் போட 64 மூளை. பவர் சப்ளைக்கு நேரே இரண்டே வார்த்தை: 'பழசு இருக்கு'.

"மாப்ள, நாள் முழுக்க நீ கம்ப்யூட்டர்ல என்னதான் பண்ற?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் அக்காவும் அதே தொனியில் அடிக்கடி கேட்பாள் போல. திட்டவில்லை, உண்மையாகவே தெரிய வேண்டும் என்று சமாதானம் சொல்லி, அவனுடைய பழைய மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். பிராசஸர் வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து, ஒவ்வொரு த்ரெட்டுக்கும், அதாவது பிராசஸர் ஒரே நேரத்தில் ஓட்டும் ஒவ்வொரு வேலை வரிசைக்கும், ஒரு கட்டம் தெரிகிற மாதிரி மாற்றிவிட்டு, "இப்ப வழக்கமா செய்யற வேலையைச் செய்" என்றேன். சுவரை இழுத்தான். ஜன்னலை நகர்த்தினான். கூரையைத் தூக்கினான். திரை திக்கித் திக்கி நகர்ந்தது. கட்டங்களைப் பார்த்தால், எந்த நேரத்திலும் ஏதோ ஒன்றுதான் உச்சியில் இருந்தது. மற்றதெல்லாம் ஒருத்தன் குழி தோண்ட, சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம் மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தன.

மாடலிங் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான். ஒரு கணக்கு முடிந்தால்தான் அடுத்த கணக்கு. 64 கோர் வாங்கினால் வேடிக்கை பார்க்கும் கூட்டம்தான் பெருகும். அந்த 64 கோர் த்ரெட்ரிப்பர் 7980எக்ஸ் உச்சத்தில் 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதே ஏஎம்டியின் 16 கோர் ரைசன் 7950எக்ஸ் 5.7 வரை போகும். சுவரை இழுக்க இரண்டாவதுதான் தேவை. சரி, ரெண்டருக்கு? அவன் மென்பொருள் ரெண்டரை கிராபிக்ஸ் கார்டில் ஓட்டுகிறது. பிராசஸரிலேயே ரெண்டர் செய்பவராக இருந்தால் கதையே வேறு, 64 கோரும் ஒன்றாகச் சேர்ந்து உழைத்திருக்கும்.

"அப்ப 7950எக்ஸ்3டி வாங்கிடலாமா மாமா? நான் பண்றதே 3டி வேலைதானே?"

சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த 3டி, சிப்பின் மேல் அடுக்கி வைத்த கூடுதல் கேஷ், அதாவது பிராசஸர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் வேகமான நினைவகம். விளையாட்டுகளுக்கு நல்ல பலன் தரும், அவன் வீட்டுக் கூரையைத் தூக்காது.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் மட்டும் மாப்பிள்ளை சரியாகத்தான் எழுதியிருந்தான், காரணம்தான் வேறு. பார்க்கப் பெரிதாக இருக்கிறதாம். எனக்கு முக்கியமாகப் பட்டது அதிலிருக்கும் 24 ஜிபி நினைவகம். அவனுக்கு மரம் வைப்பதில் அப்படி ஒரு ஆசை. இரண்டு படுக்கையறை வீடு, அதைச் சுற்றி ஒரு காடு. ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனி இலை, இலைக்குத் தனி நரம்பு. பழைய கார்டில் இருந்த 8 ஜிபி அந்தக் காட்டிலேயே நிரம்பிவிடும். மீதியை மெயின் ராமில் வைத்துக்கொண்டு கார்டு நொண்டியடிக்கும், இல்லையென்றால் ரெண்டர் பாதியில் விழுந்துவிடும். "ராத்திரி போட்டுட்டுத் தூங்கினேன், காலையில பார்த்தா எரர் மாமா" என்று அவன் மாதக்கணக்கில் புலம்பியதன் மூலம் இதுதான்.

ராமில்தான் பெரிய சண்டை. நாலு 16 ஜிபி வேண்டாம், இரண்டு 32 ஜிபி போடு என்றேன். இந்தத் தலைமுறை ராமான டிடிஆர்5-இல் இது சும்மா அபிப்பிராய பேதம் இல்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம், நொடிக்கு எத்தனை மில்லியன் தகவல் பரிமாற்றம் என்ற கணக்கில், இரண்டு குச்சி போட்டால் 5200, நாலு போட்டால் 3600. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் மதர்போர்டின் பெருந்தன்மை. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் கேட்ட கேள்வி: "ரெண்டு ஸ்லாட் காலியா இருந்தா கண்ணாடி வழியா அசிங்கமாத் தெரியாதா?"

இந்தக் கவலை உலகத்தில் அவனுக்கு மட்டும் இல்லை. காலி ஸ்லாட்டில் செருக, லைட் மட்டும் எரியும், உள்ளே நினைவகமே இல்லாத டம்மி குச்சிகளை கோர்செயர் நிஜமாகவே விற்றிருக்கிறது. வாய் தவறி இதைச் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே எக்செல் ஷீட்டில் புது வரி ஒன்று முளைத்திருந்தது.

பவர் சப்ளைக்கு வருவோம். அந்த 'பழசு' 650 வாட். "கோல்டு மாமா அது!" என்று பெருமை வேறு. 80 பிளஸ் கோல்டு என்பது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்ற கணக்கு. பாதிச் சுமையில் சுமார் 90 சதவீதம் தேற வேண்டும். எத்தனை வாட் தாங்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 4090 ஒன்றே 450 வாட் கேட்கும், என்விடியா 850 வாட் சப்ளை போடச் சொல்கிறது. அதுபோக இந்தக் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்துக்கு, திடீரென்று எம்பி அதிக மின்சாரம் இழுக்கும். பவர் சப்ளைகளுக்காக 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்காகவே, சொன்ன வாட்டைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று கேட்கிறது. ஆயிரம் வாட்டில் புதுசு எழுதவைத்தேன்.

அதோடு விட்டானா? "பழைய சப்ளையோட கேபிள் துணி சுத்தி அழகா இருக்கு, அதையே புதுசுல மாட்டிக்கலாம்ல?" வீடே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். கேபிளின் போர்டு பக்க முனை எல்லா கம்பெனிக்கும் ஒன்றுதான். சப்ளை பக்க முனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. உருவம் ஒன்றாக இருக்கும், கனகச்சிதமாக உள்ளே போய் உட்காரும், ஆனால் பின் வரிசை மாறியிருந்தால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். அடுத்த நொடி ஹார்டு டிஸ்க்கும் அதிலிருக்கும் வீடுகளும் காடுகளும் போய்ச் சேர்ந்துவிடும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே இப்படி மாறுவது உண்டு. பழைய கேபிள்களை அவன் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைக்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

மதர்போர்டைப் பற்றி அவனுக்கு எந்தக் கருத்தும் இல்லாததால் அந்த வேலை சீக்கிரம் முடிந்தது. ஒன்றே ஒன்று: மேனுவலில் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள். போர்டிலேயே எஸ்எஸ்டி செருகும் இந்த எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால், கேபிளில் டிஸ்க் மாட்டும் அந்த இரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது என்கிற மாதிரி ரகசியங்களெல்லாம் அங்கேதான் இருக்கும்.

கேபினெட்டை மட்டும் மாற்ற மாட்டேன் என்று ஒரே பிடி. 'கார்டு நீளம் 320 மி.மீ. வரை' என்று போட்டிருக்கிறது, கார்டு 304 மி.மீ.தான், மாமாவுக்கு ஏன் வயிறு எரிகிறது என்று அக்காவிடம் புகார். டேப்பை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பிராசஸரைக் குளிர்விக்க முன்பக்கம் அவன் வைக்க ஆசைப்பட்ட ரேடியேட்டர் 27 மி.மீ., அதன் மேல் ஃபேன் 25 மி.மீ. இரண்டும் சேர்ந்து 52. முந்நூற்று இருபதில் ஐம்பத்திரண்டு போனால் மீதி என்ன என்று கேட்டேன். ஆர்க்கிடெக்ட் டேப்பை என் கையிலிருந்து வாங்கித் தானே அளந்தான். இரண்டாவது முறையும் அளந்தான். அப்புறம் சத்தமில்லாமல், முன்னால் வலை வைத்த, காற்று போக வழியுள்ள கேபினெட்டுக்கு மாறினான். பக்கவாட்டில் கண்ணாடி இருக்கட்டும் என்று ஒரு சலுகை கொடுத்தேன்.

எல்லாம் வந்து சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பூட்டினோம். கார்டின் 16 பின் கேபிளை மட்டும் டார்ச் அடித்துப் பார்த்து, இடைவெளியே தெரியாத அளவுக்கு அழுத்தி மாட்டவைத்தேன். சரியாக உட்காராத கேபிள் முனை உருகிய கதைகள் 2022-இலேயே வந்துவிட்டன. பட்டனை அழுத்தினான். ஃபேன் சுற்றியது, லைட் எல்லாம் எரிந்தது, டம்மி குச்சிகள் உட்பட. திரை மட்டும் கருப்பு.

அரை நிமிடம்கூட ஆகவில்லை, கை பிளக் பக்கம் போனது. பிடித்து நிறுத்தினேன். "டிடிஆர்5 முதல் தடவை ராமைப் பழக்கிப் பார்த்துட்டுத்தான் திரையைக் காட்டும். பல நிமிஷம்கூட ஆகும். எதையும் தொடாதே." அவன் நம்பவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். ஒருவழியாக லோகோ வந்தது.

ஒரு வாரம் போனது. போனில் பிடித்துக்கொண்டான். "மாமா, 6000 ராம்னு சொல்லி வாங்கவச்சீங்க, டாஸ்க் மேனேஜர்ல 4800னு காட்டுது. ஏமாத்திட்டாங்க!" யாரும் ஏமாற்றவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் வேகம் தானாக வராது, போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் போய், ராமை அந்த வேகத்துக்குக் கொண்டுவரும் எக்ஸ்போவை ஆன் செய்ய வேண்டும். வழி சொன்னேன், செய்தான், ரீஸ்டார்ட் ஆனது. திரும்பவும் கருப்புத் திரை. ராம் வேகம் மாறினால் மறுபடி முதலிலிருந்து பழக்கும்.

அந்த நேரம் பார்த்து அங்கே போயிருந்த என் மனைவியின் குரல் போனில் கேட்டது. "என்னடா, புது மிஷின் அதுக்குள்ள போயிடுச்சா? பிளக்கைப் பிடுங்கி மாட்டிப் பாரேன்."

"அக்கா! கையை எடு! டிடிஆர்5 அப்படித்தான், உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம உட்காரு."