ஒன்ராறியோ ஏரியில் எங்கள் முதல் பாய்மரப் படகு

ரொறன்ரோவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்ராறியோ ஏரி பெரும்பாலும் பார்க்கிற இடம்தான். விருந்தினர் வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவோம், கரையில் நின்று படம் எடுப்போம், வெயில் சாய வீடு திரும்புவோம். அதில் பாய் விரித்துப் போவது வசதி படைத்தவர்களின் காரியம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. நானும் மனைவியும் பழைய படகு ஒன்றை வாங்கிய விதத்தை எழுத நினைத்ததே அதனால்தான். இங்கே ஓடக்கூடிய நிலையில் இருக்கும் ஒரு படகை, பழைய கார் ஒன்றின் விலைக்கு வாங்கிவிடலாம்.

காரணம் எளிது. ஃபைபர்கிளாஸில் வார்த்த படகு மரம் மாதிரி உக்காது, இரும்பு மாதிரித் துருப்பிடிக்காது. 1969இல் உருவான சி அண்ட் சி நிறுவனம் உட்பட, ஒன்ராறியோவில் பல பட்டறைகள் 1970களில் இப்படிப்பட்ட படகுகளை நிறையக் கட்டின. அவற்றில் பல இன்றும் இதே ஏரியில் ஓடுகின்றன. நன்னீர் ஏரி, ஆகவே உப்பு அரிப்பு இல்லை. போதாததற்கு, குளிர்காலத்தில் துறைகள் உறைந்துவிடும் என்பதால் ஒக்டோபரில் கிரேன் வைத்துத் தூக்கி, அடுத்த வசந்தம் வரை தரையிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு கோடை முழுக்க மற்றவர்களுடைய படகில் போனோம். பாய்மரப் படகுக் கழகங்கள் பலவற்றில் வாரநாள் மாலைகளில் போட்டி நடக்கும். கயிறு இழுக்க ஆள் தேவை எப்போதும் உண்டு. ஒன்றும் தெரியாது என்று சொன்னாலும் ஏற்றிக்கொள்கிறார்கள். வேலைத்தளத்துக்கும் நம்மவர் வீட்டு விசேஷங்களுக்கும் வெளியே இந்த நாட்டு மனிதர்களோடு பழக எனக்கு இதைவிட நல்ல வழி கிடைத்ததில்லை. காற்று ஏறிவிட்டால் யார் எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. கயிற்றைச் சரியான நேரத்தில் விட்டாயா என்பதுதான் கேள்வி.

இலையுதிர் காலத்தில் படகு பார்க்கப் போவது நல்லது. குளிர்காலத் தரிப்பிடக் கட்டணத்தை இன்னொரு முறை கட்ட விரும்பாதவர்கள் அப்போது விற்பார்கள். படகும் தரையில் நிற்பதால் அடிப்பாகம் முழுவதையும் சுற்றிப் பார்க்கலாம். அது நிற்கிற இரும்புத் தாங்கி விலையில் சேருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்; தனியாகச் செய்விப்பது பெரிய செலவு.

மேல்தளத்தில்தான் அதிக நேரம் செலவிடவேண்டும். அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் மேல்தளம் இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளும் நடுவில் பால்சா மரமும் கொண்டது. பாரம் குறைவு, உறுதி அதிகம். ஆனால் கைப்பிடி, கம்பிக் கால், கயிற்றுக் கப்பி என்று எதைப் பூட்டினாலும் அந்தத் தகட்டில் துளை போடவேண்டும். துளையை அடைத்த பசை வருடங்கள் போகக் காய்ந்து விலகும். பிறகு மழைநீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் மரத்தை உக்கவைக்கும். பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் ‘டக் டக்’ என்று தெளிவாகப் பதில் சொல்லும். உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். முற்றிய தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்த காதுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும். பளபளக்கும் புதுப் பூச்சைவிட இந்த ஒலியைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம் படகின் அடியில் இருக்கும் கீல் (keel). படகைக் கவிழாமல் பிடித்து வைத்திருக்கும் அந்தக் கனமான உலோகத் துண்டு பல படகுகளில் பெரிய போல்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். அது உடலோடு சேரும் இடத்தின் முன்புறம் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் உடனே பயந்து ஓடவேண்டியதில்லை. போல்டுகளை இறுக்கிப் பூசினாலே சரியாகிவிடுவதும் உண்டு. ஆனால் எங்காவது தரைதட்டிய அடியாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல அனுபவமுள்ளவர் வேண்டும்.

அதற்காகத்தான் பரிசோதகர். விற்பவர் ஏற்பாடு செய்தவர் வேண்டாம், நாமே பணம் கொடுத்து அழைக்கிறவர்தான் வேண்டும். பழைய படகென்றால் காப்புறுதிக்காரர்கள் அவருடைய அறிக்கையைக் கேட்பது வழக்கம். விலை பேசும்போதே, பரிசோதனையும் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பதும் திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன் என்று எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த அறிக்கை பக்கம் பக்கமாகக் குறை சொன்னது. படித்துவிட்டு மனைவி முகம் வாடிப்போனாள். ஆனால் அவற்றில் உடனே செய்யவேண்டியவை சிலவே. மற்றவற்றைச் செய்ய எத்தனையோ குளிர்காலங்கள் இருந்தன.

இயந்திரம் பெற்றோலா டீசலா என்று பாருங்கள். உள்ளே பொருத்திய பெற்றோல் இயந்திரம் மோசமில்லை, ஆனால் அதன் ஆவி படகுக்குள் தங்கிவிடும். இயக்குவதற்கு முன் குறைந்தது 4 நிமிடம், அந்த ஆவியை வெளியே தள்ளும் காற்றாடியை ஓடவிடவேண்டும். 10 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட இயந்திரம் பூட்டிய படகுக்கு அரசாங்க உரிம எண் வேண்டும். முன்பகுதியில் இருபுறமும் குறைந்தது 7.5 சென்டிமீட்டர் உயர எழுத்தில் அதைக் காட்டவேண்டும். இயந்திரம் உள்ள படகை ஓட்டுகிறவரிடம் படகோட்டி அட்டை இருக்கவேண்டும். இணையத்திலேயே படித்துச் சோதனை எழுதலாம், ஒருமுறை எடுத்தால் ஆயுள் முழுவதும் செல்லும். விற்பனைப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட்டு ஒரு பிரதியைப் படகிலேயே வைத்திருங்கள்.

எங்களுக்கு விற்ற பெரியவர் ஒரு கொப்பியும் தந்தார். எந்த வருடம் எந்தக் குழாயை மாற்றினார், எந்தத் துளையை மறுபடி அடைத்தார் என்று எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. சாவியைத் தந்த பிறகும் வசந்தத்தில் வந்து, பாய்மரத்தை நிறுத்தி அதன் கம்பிகளை எப்படி இறுக்குவது என்று காட்டிவிட்டுப் போனார். இரண்டு படகுகள் ஒரே நிலையில் இருந்தால், இப்படிக் கணக்கு வைத்திருக்கிறவரின் படகை வாங்குங்கள்.

அந்தக் கம்பிகளை வருகிற ஒக்டோபரில் மாற்றப்போகிறோம். அதுவரை புதன்கிழமை மாலைகளில் எங்கள் படகில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. அனுபவம் தேவையில்லை.